பிக்கப் வண்டிக்குப் பிக்கப் இல்லையா? பெடல் பெட்டி, ரீமேப், புது வண்டி: எது யாருக்கு?

நம்ம ஊரில் ‘பிக்கப்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பின்னால் தொட்டி வைத்த லோடு வண்டியும் பிக்கப்தான், மிதித்தவுடன் வண்டி எழும்புவதும் பிக்கப்தான். முதலாவது வாசலில் நிற்கிறது, இரண்டாவதைக் காணோம் என்பதுதான் எனக்கு வரும் கேள்விகளில் பாதி.

காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றுகிற ஒரு தம்பி கேட்டது இது: “அண்ணே, சிக்னல் விழுந்ததும் மிதிக்கிறேன். ரெண்டு மூணு செகண்டுக்கு ஒண்ணுமே இல்ல. பின்னாடி டிரெய்லர்காரர் ஹாரன்ல வெச்ச கையை எடுக்க மாட்டேங்குறாரு. அப்புறம் திடீர்னு பாயுது. பெடல்ல ஒரு பெட்டி போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க, போட்டுடலாமா?” மணலியில் இரண்டு வண்டி ஓட்டுகிற ஒருவருக்கு ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதும் ஆசை. மூலக்கடையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் வண்டியையே மாற்றத் தயார், ஆனால் டீசலா, சிஎன்ஜியா, எலக்ட்ரிக்கா என்று குழம்பிக் கிடக்கிறார்.

நான் தண்டையார்பேட்டையில் பதினோரு வருஷமாக லோடு வண்டி வைத்திருக்கிறேன். இந்த மூன்று குழப்பத்திலும் நானும் காசைக் கொட்டியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## நாம் லேக் என்று சொல்வதெல்லாம் லேக் இல்லை

மிதித்ததற்கும் வண்டி எழும்புவதற்கும் நடுவே வருகிற தாமதத்தைத்தான் லேக் என்கிறோம். பழி விழுவது டர்போ மேல். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழல்கிற சக்கரம்தான் டர்போ. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான் அது. காற்று கூடினால் டீசலும் கூட எரியும், இழுவை ஏறும். ஆனால் சக்கரம் அந்த வேகம் பிடிக்க, முதலில் புகை வந்தாக வேண்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழு மூச்சு இழுக்கும். 2.5 லிட்டர் எஞ்சின் 1,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,000 சுற்று) நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,250 லிட்டர் காற்று இழுக்கும், 2,000 ஆர்பிஎம்மில் 2,500 லிட்டர். 1.5 லிட்டர் எஞ்சின் என்றால் 1,000 ஆர்பிஎம்மில் 750 லிட்டர்தான். அந்த மூச்சுக்கு டர்போ சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்குமே தவிர காற்றை அழுத்தாது. அழுத்தத் தொடங்குகிற இடத்தை ‘டர்போ விழிக்கிற ஆர்பிஎம்’ என்று வைத்துக்கொள்வோம். பொலேரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் எஞ்சினில் முழு இழுவை 1,400 ஆர்பிஎம் வாக்கில் தொடங்குகிறது. சின்ன எஞ்சின்களில் இன்னும் கொஞ்சம் மேலே.

அந்த ஆர்பிஎம்முக்குக் கீழே இருந்துகொண்டு மிதிப்பது ஒரு கோளாறு. அது கியர் கோளாறு, டர்போ கோளாறு அல்ல. விழித்த பிறகும் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் சக்கரம் வேகம் பிடிக்க ஒரு நொடி வாக்கில் ஆகும். உண்மையான டர்போ லேக் அதுதான். டர்போ ஒழுங்காகக் காற்றை அழுத்தியும் அது எஞ்சினுக்குப் போய்ச் சேராமல் வழியில் கசிவது மூன்றாவது. மூன்றும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். குழப்பமே அங்கேதான்.

பழைய வண்டியில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். காற்று வருவதற்கு முன்னால் டீசல் போய்விடும், பின்னால் கரும்புகை கக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு செய்த வண்டிகளில் அது நடப்பதில்லை. உள்ளே வருகிற காற்றை சென்சார் அளக்கிறது, காற்று வரும்வரை கம்ப்யூட்டர் டீசலை இறுக்கிப் பிடிக்கிறது. புகைக்குப் பதில் மௌனம். “பழைய வண்டி இதைவிட நல்லா இழுத்துச்சு” என்று டிரைவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அப்புறம் எடை. நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏறுகிற பாலத்தில், லோடோடு சேர்ந்து 3,000 கிலோ இருக்கிற வண்டியை 120 கிலோ பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். எர்ணாவூர் மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நின்று கிளம்பியவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, இடுப்பே சொல்லும். ஓவர்லோடு அடித்துவிட்டு டர்போவைத் திட்டாதீர்கள். மாட்டினால் சட்டப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000.

## காசு செலவில்லாத ஒரு சோதனை

விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, பாதி லோடோடு செய்யுங்கள். மூன்றாவது கியரில் எஞ்சின் முனகுகிற அளவு மெதுவாக வந்து முழுசாக மிதித்து, இழுவை வரும்வரை எண்ணுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் இரண்டாவது கியரில், எஞ்சின் கலகலப்பாக ஓடும்போது மிதியுங்கள். ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் முதல் முறை 1,200, இரண்டாம் முறை 1,800.

முதல் முறை நாலு எண்ணினீர்கள், இரண்டாம் முறை ஒன்றுதான் என்றால் வண்டி நன்றாகவே இருக்கிறது. இரண்டு முறையும் சோம்பல் என்றால் கசிவோ அடைப்போ. எனக்குத் தெரிந்து, டர்போ போச்சு என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் வகை.

## எதை வைத்து எடை போடுவது

இதற்கான வீடியோக்கள் பெரும்பாலும் எத்தனை குதிரைத்திறன் ஏறியது என்பதையே பேசுகின்றன. லோடு வண்டிக்காரருக்கு அது நாலாவது கேள்வி. என் வரிசை இது: லோடோடு நின்ற இடத்திலிருந்து எழும்புவது மாறுகிறதா? வண்டி எத்தனை நாள் நிற்கும்? வாரன்டி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), புகைச் சான்று இவற்றில் கை வைக்குமா? ஓட்டப்போவது நீங்களா, சம்பளத்துக்கு இருக்கிற டிரைவரா? கடைசி கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் பாதி பதில் அதிலேதான் இருக்கிறது.

## வழி 1: இருக்கிற வண்டியைச் சரிபார்த்து, கியர் பார்த்து ஓட்டுவது

போன வருஷம் என் வண்டி ஒன்று திடீரென்று முக்க ஆரம்பித்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, டர்போவை மாற்ற வேண்டும், 38,000 ஆகும் என்றார்கள். கையில் அவ்வளவு இல்லாததால்தான் தப்பித்தேன்.

கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு சந்தில் இருக்கிற வயசான மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். அவர் ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் ஒரு பிவிசி மூடியை வைத்து இறுக்கினார். மூடியின் நடுவில் பழைய டியூப் வால்வு ஒன்றைச் செருகி ஒட்டியிருந்தார். பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து காற்று, பத்து பதினைந்து பிஎஸ்ஐக்கு மேல் போகாமல். பிறகு ஒரு துணியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஹோஸ் மேல் நிதானமாகப் பிழிந்துகொண்டே வந்தார். டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸில், கிளிப்புக்கு அரை இஞ்ச் கீழே, எண்ணெய்க் கறை படிந்த இடத்தில் அரிசி அளவு நுரை முட்டை ஒன்று எழுந்தது. உடைந்தது. மறுபடி எழுந்தது. “இதோ இருக்கு பாரு உன் டர்போ” என்றார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. புது ஹோஸ், கிளிப், ஏர் ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய்.

வடசென்னையில் ஓடுகிற வண்டிக்கு இந்தக் கோளாறு சீக்கிரம் வரும். மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர்கள் கிளப்புகிற புழுதியும் சாம்பலும் ஏர் ஃபில்டரை அடைக்கும். காசிமேட்டு உப்புக் காற்று கிளிப்பைத் துரு ஏற்றும், இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கும். துறைமுகக் கேட்டில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்பதால், புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புகிற இஜிஆர் வால்வில் கரி சேரும். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு நல்ல சாலைக்கானது. நான் ஏர் ஃபில்டரை அதில் பாதி தூரத்திலேயே கழற்றிப் பார்க்கிறேன்.

கியர் விஷயம் இன்னும் எளிது. ஸ்பீடு பிரேக்கரில் இறங்கி ஏறும்போது மூன்றாவதிலேயே விடாமல் இரண்டாவதுக்கு வாருங்கள். மேம்பாலத்துக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட்டு ஏறுங்கள், நடுவில் குறைத்தால் டர்போ மறுபடி தூங்கிவிடும். டாப் கியரில் மெதுவாகப் போனால் டீசல் மிச்சம் என்று நம்புகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். லோடோடு முனகிக்கொண்டு போவதில் மிச்சம் எதுவும் இல்லை.

இந்த வழியின் மறைந்த செலவு பணம் அல்ல, டிரைவர். நீங்களே ஓட்டினால் ஒரு வாரத்தில் பழகிவிடும். சம்பளத்துக்கு இருப்பவரை மாற்ற முடியுமா என்பது உங்கள் இருவருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. நான் ஒரு டிரைவரோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். கடைசியில் மாதம் மிச்சமாகும் டீசல் காசில் பாதி அவருக்கு என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது கியர் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

## வழி 2: பெடல் பெட்டி

ஆக்ஸிலேட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் செருகுகிற சின்னப் பெட்டி. நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் கம்ப்யூட்டரிடம் 60 என்று பொய் சொல்லும். அவ்வளவுதான். முழுசாக மிதிப்பவருக்கு 100 எப்போதும் 100தான், பெட்டி ஒன்றும் செய்யாது. காற்றே இல்லாத இடத்தில் டீசல் கேட்டால் கம்ப்யூட்டர் கொடுக்காது. லோடோடு 1,100 ஆர்பிஎம்மில் நிற்கிற வண்டிக்கு இந்தப் பெட்டியால் எந்தப் பயனும் இல்லை.

காலி வண்டியில் சுறுசுறுப்பாகத் தெரியும், அதனால்தான் கடையில் ஓட்டிக் காட்டும்போது எல்லாருக்கும் பிடித்துவிடுகிறது. ட்ராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது அதே சுறுசுறுப்பு குலுக்கலாக மாறும். ஐஸ் போட்ட மீன் பெட்டி நாலு அடுக்கு ஏற்றியிருந்தால் தம்பிக்குத் தண்ணீர் கேபின் வரை வரும். கழற்றிவிடலாம் என்பது ஒன்றுதான் இதன் நல்ல குணம். வாங்கி மூன்றாம் வாரம் நான் அதைத்தான் செய்தேன்.

டீசல் அழுத்தத்தை அளக்கிற ரெயில் சென்சாரை ஏமாற்றுகிற வேறு ஒரு பெட்டியும் விற்கிறார்கள். அது இந்த வகையல்ல. ரீமேப்பின் முரட்டுத் தம்பி அது.

## வழி 3: ரீமேப்

கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்கையே மாற்றி எழுதுவது. டர்போ அழுத்தத்தைக் கூட்டி, டீசலைக் கூட்டி, இழுவையைக் கூட்டலாம். இது பொய்யில்லை, வண்டி உண்மையிலேயே மாறும். ஆனால் எங்கே மாறும் என்று பாருங்கள். டர்போ விழித்த பிறகு, 1,800க்கு மேலே. உங்கள் புகார் 1,200இல் இருக்கிறது. அந்த இடத்தில் புகை போதாது என்பது எஞ்சினின் மூச்சுக் கணக்கு, எந்த மென்பொருளும் மூச்சைப் பெரிதாக்காது. சிக்னலில் எழும்புவதற்காக ரீமேப் செய்பவர் தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்க்கிறார்.

மறைந்த செலவு இதில்தான் அதிகம். கூடுகிற இழுவையை முதலில் தாங்குவது கிளட்ச் பிளேட். ஓவர்லோடும் ரீமேப்பும் சேர்ந்தால் பிளேட் சீக்கிரம் தேயும். புகைக் குழாயில் சூடு ஏறும், டர்போவின் தண்டு தேயும், புகையின் கரியைப் பிடிக்கிற வடிகட்டியான டிபிஎஃப் சீக்கிரம் நிறையும். வாரன்டி போகும். புகைச் சான்றில் தவறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். எட்டு வருஷத்துக்கு உட்பட்ட லோடு வண்டிக்கு எஃப்சி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருஷா வருஷம். ஒவ்வொரு தடவையும் பழைய கணக்கை ஏற்றி, பாஸ் வாங்கி, மறுபடி மாற்றி என்று ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டத்துக்கே ஒரு நாள் கூலி போகிறது. இஜிஆரை அடைத்துவிடு, டிபிஎஃப்பைக் குடைந்துவிடு என்று கூடவே வருகிற யோசனைகளைக் காதிலேயே வாங்காதீர்கள்.

யாருக்கு இது பொருந்தும்? வாரன்டி முடிந்த வண்டி, தானே ஓட்டுகிற முதலாளி, அனுமதித்த லோடுக்குள் கும்மிடிப்பூண்டி, தடா, நெல்லூர் என்று ஜிஎன்டி ரோட்டிலேயே நாள் முழுக்க ஓடுகிறவர். நாலாவது கியரில் லாரியை முந்தும்போது வித்தியாசம் தெரியும். அவருக்குக்கூட நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் அவர் செய்தால் காரணம் புரியும்.

## வழி 4: வண்டியை மாற்றுவது

பெரிய டீசல். பெரிய எஞ்சினுக்குப் பெரிய மூச்சு, டர்போ விழிக்காதபோதும் கொஞ்சம் கையில் இருக்கும். சில வண்டிகளில் டர்போவுக்குள் நகரும் இறகுகள் உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் வழியைக் குறுக்கிப் புகையை வேகமாக அடிக்கும், அதனால் சீக்கிரம் விழிக்கும். இவ்வளவும் நெடுஞ்சாலைக்குத் தேன். துறைமுக வரிசையில் நின்று நின்று போகிற வண்டியில் அந்த இறகுகளில் கரி ஒட்டி இறுகிக்கொள்ளும். அப்போது பழைய வகை டர்போவைவிடச் செலவு அதிகம்.

டர்போ இல்லாத வண்டி. 2005இல் வந்த முதல் குட்டி யானை (டாடா ஏஸ்) 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், டர்போ கிடையாது. அதில் லேக்கும் கிடையாது, ஏனென்றால் காத்திருக்க எதுவும் இல்லை. இன்றைய சின்ன சிஎன்ஜி வண்டிகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான்: மிதித்த அளவுக்குச் சீராகப் போகும், அதற்கு மேல் இருக்காது. கேஸ் சிலிண்டர்களின் எடை லோடில் கழியும், நிரப்புகிற வரிசையில் நேரம் கழியும்.

எலக்ட்ரிக். லேக் என்ற பேச்சே இல்லை. மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவை தரும், மூலக்கடை பாலத்தில் லோடோடு நின்று கிளம்பினால் பக்கத்து டீசல்காரர் திரும்பிப் பார்ப்பார். 2022இல் வந்த ஏஸ் ஈவி 600 கிலோ ஏற்றும், ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்று சான்று. பிறகு ஒரு டன் வகையும் வந்தது. சான்றில் இருக்கிற தூரம் லோடோடு, வெயிலில் கிடைக்காது. மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக் கணக்கு போடுங்கள். ஒன்றரை டன் தேவைப்படுகிறவருக்கு இந்த இரண்டும் உதவாது. ராத்திரி வண்டியை நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் பாதி வண்டிகள் தூங்குவது ரோட்டோரத்தில்.

எந்த வண்டியானாலும் மறைந்த செலவு டியூ. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த இரண்டு மாதமும் விசைப்படகு கரையில் நிற்கும், ஃபைனான்ஸ்காரர் நிற்க மாட்டார்.

## ஒரு பார்வையில்

| வழி | லோடோடு சிக்னலில் எழும்புவது | நெடுஞ்சாலையில் முந்துவது | மறைந்த செலவு |
|---|---|---|---|
| சரிபார்ப்பு, கியர் | நன்றாக மாறும் | ஓரளவு | டிரைவரைப் பழக்குவது |
| பெடல் பெட்டி | மாறாது | மாறியதுபோல் தெரியும் | குலுக்கல் |
| ரீமேப் | மிகக் குறைவு | நன்றாக மாறும் | கிளட்ச், வாரன்டி, புகைச் சான்று |
| பெரிய டீசல் | மாறும் | நன்றாக மாறும் | டியூ, டர்போ பராமரிப்பு |
| சிஎன்ஜி | சீராகும், வலு கூடாது | குறையும் | லோடு, வரிசை நேரம் |
| எலக்ட்ரிக் | மிக நன்றாக மாறும் | நகரத்துக்குள் போதும் | டியூ, தூரம், நிறுத்தும் இடம் |

## கேட்டவர்களுக்கு

மணலிக்காரர் இரண்டு வண்டிக்கும் சம்பள டிரைவர் வைத்திருக்கிறார், இரண்டுக்கும் இன்னும் வாரன்டி இருக்கிறது. அவருக்கு ரீமேப் வேண்டவே வேண்டாம். இரண்டு ஏர் ஃபில்டரையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும்.

மூலக்கடைக்காரருடைய டெலிவரி மாதவரம், பெரம்பூர், வியாசர்பாடிக்குள் முடிகிறது, நாளைக்கு 60 கிலோமீட்டர் தாண்டாது, கடைக்குப் பின்னால் ஷெட்டும் கரண்டும் இருக்கிறது. சிமென்ட் மூட்டையை ஒரு டன்னுக்குள் நிறுத்திக்கொள்ள முடிந்தால் எலக்ட்ரிக் எடுக்கலாம். முடியாதென்றால் இப்போதுள்ள டீசலே போதும்.

காசிமேட்டுத் தம்பி, பெட்டிக்கு வைத்திருக்கிற காசைத் தொடாதே. நாளை விடியற்காலையில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாதி லோடு ஐஸோடு அந்த இரண்டாவது கியர் சோதனையைச் செய்துவிட்டு எத்தனை எண்ணினாய் என்று எழுது. ஹோஸ்தான் என்று தெரிந்தால் உடனே மாற்று. இஜிஆர் கழற்றிச் சுத்தம் செய்வதும் இன்டர்கூலரை இறக்கிக் கழுவுவதும் வண்டி இரண்டு நாள் நிற்கிற வேலை, அதைத் தடைக்காலத்துக்குத் தள்ளிவை. ஆனால் மெக்கானிக்கிடம் பங்குனியிலேயே சொல்லிவை. ஏப்ரல் 16ஆம் தேதி காசிமேட்டு வண்டி மொத்தமும் அவர் சந்தில்தான் நிற்கும்.